புரதம் எங்கே முடிய வேண்டும் என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? தாளில் செய்து பார்ப்போம்

நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் பீட்டா குளோபின் என்றொரு சங்கிலி உண்டு. அதில் 146 அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் அலகுகள். ஒன்று கூடாமல் குறையாமல் அந்த இடத்தில் வேலையை நிறுத்தச் சொல்வது எது? ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் போதும், நீங்களே கண்டுபிடிக்கலாம்.

படி 1: வரிசையை எழுதுங்கள்

புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் இழைதான் எம்ஆர்என்ஏ; அது ஏ, யு, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆனது. பீட்டா குளோபின் எம்ஆர்என்ஏ-வில் புரதப் பகுதி முடியும் இடத்திலுள்ள 24 எழுத்துகள் இவை. படிக்க எளிதாக மூன்று மூன்றாகப் பிரித்திருக்கிறேன்:

ஜிசிசி – சிஏசி – ஏஏஜி – யுஏயு – சிஏசி – யுஏஏ – ஜிசியு – சிஜிசி

ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஒரு கோடான்.

படி 2: அட்டவணையைப் பார்த்துப் படியுங்கள்

பாடப்புத்தகத்தில் உள்ள கோடான் அட்டவணையே போதும். அலனின், ஹிஸ்டிடின், லைசின், டைரோசின், ஹிஸ்டிடின் என்று வரும். அடுத்து யுஏஏ. அதற்கு நேராக அமினோ அமிலம் எதுவும் இருக்காது. மொத்தம் 64 கோடான்களில் 61-க்கு அமினோ அமிலம் உண்டு. யுஏஏ, யுஏஜி, யுஜிஏ மூன்றுக்கும் கிடையாது. இவைதான் நிறுத்தக் கோடான்கள்.

கவனியுங்கள்: யுஏஏ-வுக்குப் பிறகும் எம்ஆர்என்ஏ நீண்டுகொண்டே போகிறது. இழை தீர்ந்துபோனதால் புரதம் நிற்கவில்லை.

படி 3: ஓர் எழுத்து தள்ளிப் படியுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். முதல் ஜி-யை விட்டுவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் பிரியுங்கள்:

சிசிசி – ஏசிஏ – ஏஜியு – ஏயுசி – ஏசியு – ஏஏஜி – சியுசி

யுஏஏ காணாமல் போய்விட்டது! எழுத்துகள் அதேதான், பிரிப்பு மட்டும் மாறியது. இரண்டு எழுத்து தள்ளிப் பாருங்கள், அப்போதும் நிறுத்தக் கோடான் வராது. யு, ஏ, ஏ அடுத்தடுத்து வந்தால் மட்டும் போதாது. தொடக்கக் கோடானான ஏயுஜி-யில் தொடங்கிய அதே சட்டகத்தில், அதாவது அதே மூன்று மூன்றான பிரிப்பில், அவை ஒரே கோடானாக விழ வேண்டும்.

படி 4: ரைபோசோமுக்குள் என்ன நடக்கிறது?

எம்ஆர்என்ஏ-வைப் படித்துப் புரதத்தைக் கட்டும் செல்லின் இயந்திரம்தான் ரைபோசோம். சாதாரண கோடான் வந்தால் அதற்குப் பொருந்தும் டிஆர்என்ஏ என்ற சுமப்பு மூலக்கூறு அமினோ அமிலத்தைக் கொண்டுவரும். யுஏஏ வரும்போது அதற்கென்று டிஆர்என்ஏ இல்லை. அதற்காக ரைபோசோம் சும்மா காத்திருந்து ஓய்ந்துபோவதில்லை. விடுவிப்புக் காரணி என்ற புரதம் உள்ளே வந்து நிறுத்தக் கோடானை அடையாளம் காண்கிறது. மனித செல்லில் இஆர்எஃப்1 என்ற ஒரே புரதம் மூன்றையும் படித்துவிடும். ஈ.கோலை பாக்டீரியாவில் ஆர்எஃப்1, ஆர்எஃப்2 என்று இரண்டு பேர் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

இந்தக் காரணியின் ஒரு முனையில் கிளைசின், கிளைசின், குளுட்டமின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் இருக்கின்றன. புரதச் சங்கிலி கடைசி டிஆர்என்ஏ-வோடு ஒட்டியிருக்கும் பிணைப்பை ஒரு நீர் மூலக்கூறு உடைக்க அவை வழிசெய்கின்றன. இத்தனை நுட்பமான வேலையின் கடைசி வெட்டைப் போடுவது வெறும் தண்ணீர் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். சங்கிலி விடுபட்டதும் ரைபோசோம் இரண்டு துண்டாகப் பிரிந்து அடுத்த வேலைக்குப் போய்விடும்.

படி 5: ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள்

பீட்டா குளோபினின் 39-ஆவது கோடான் சிஏஜி, அதாவது குளுட்டமின். முதல் எழுத்தை யு ஆக்குங்கள்: யுஏஜி! புரதம் பாதியைக்கூட எட்டாமல் நின்றுவிடும். இத்தாலியின் சார்டினியாத் தீவில் பரவலாகக் காணப்படும் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்குக் காரணம் இந்த ஒற்றை எழுத்துதான்.

இப்போது நேர்மாறாக. ஹீமோகுளோபினின் இன்னொரு சங்கிலியான ஆல்ஃபா குளோபினின் முடிவிலுள்ள யுஏஏ, சிஏஏ ஆனால்? நிறுத்தம் போய்க் குளுட்டமின் வந்துவிடும். ரைபோசோம் தொடர்ந்து படித்துக்கொண்டே போக, 141-இல் முடிய வேண்டிய சங்கிலி 172 வரை நீளும். இதற்கு ஹீமோகுளோபின் கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் என்று பெயர். தென்கிழக்கு ஆசியாவில் அதிகம்.

அப்புறம், வேறு மரபணுக்களை எடுத்துப் பழகும்போது ஒன்றைச் சரிபாருங்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு என்றால் இந்த அட்டவணை அப்படியே பொருந்தாது. மனித மைட்டோகாண்ட்ரியாவில் யுஜிஏ வந்தால் நிறுத்தம் இல்லை, டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம்.