சார்ஜ் ஏறும் நேரத்தில் கேமும் படமும்: டெஸ்லா திரையை முதல் நாளே தயார் செய்வது எப்படி?

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோவிலுக்கு 350 மைல் அளவு வரும். போன கோடையில் எங்கள் டெஸ்லா மாடல் ஒய் வண்டியில் குடும்பத்தோடு கிளம்பினோம். வழியில் இரண்டு இடத்தில் சார்ஜ் போட நிறுத்தினோம், ஒவ்வொன்றும் இருபது, இருபத்தைந்து நிமிடம். முதல் நிறுத்தத்தில் பத்து வயது மகன் முன்சீட்டுக்குத் தாவி வந்து, "அப்பா, இந்த ஸ்க்ரீன்ல கேம் இருக்குன்னு சொன்னாங்களே, எங்க?" என்று கேட்டான்.

தேடி எடுத்துத் தொட்டால், முதலில் டவுன்லோட் செய்யச் சொன்னது. போன் சிக்னல் ஒரு கோடுதான். சரி, படமாவது பார்க்கலாம் என்றால் நெட்ஃபிளிக்ஸ் பாஸ்வேர்டு மனைவிக்குத்தான் தெரியும், அவர் சின்னவளோடு கடைக்குள் இருந்தார். அவர்கள் திரும்பி வருவதற்குள் சார்ஜ் முடிந்துவிட்டது. மகன் ஒன்றும் சொல்லாமல் பின்சீட்டுக்குப் போய்விட்டான். அந்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

கீழே சொல்லப்போகிற எல்லாமே பயணத்துக்கு முந்தின இரவு, வீட்டு வைஃபையில், கராஜில் வைத்துச் செய்ய வேண்டியவை. மொத்தம் ஒரு மணி நேரம் போதும். நான் மாடல் ஒய் வைத்திருப்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மாடல் 3 வண்டிக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். வேறு கம்பெனி மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் கடைசிப் பகுதியில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

படி 1: உங்கள் வண்டிக்குள் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது?

திரையின் கீழ் ஓரத்தில் இருக்கும் கார் படத்தைத் தொட்டால் கன்ட்ரோல்ஸ் பக்கம் வரும். அதில் சாஃப்ட்வேர், அதற்குள் அடிஷனல் வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன். இன்ஃபோடெயின்மென்ட் ப்ராசஸர் என்ற இடத்தில் இன்டெல் ஆட்டம் என்றோ ஏஎம்டி ரைசன் என்றோ எழுதியிருக்கும். மாடல் 3, மாடல் ஒய் வண்டிகளில் ரைசன் வரத் தொடங்கியது 2021 முடிவிலும் 2022 தொடக்கத்திலும்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் இன்டெல் ஆட்டம் இருக்கும். இரண்டிலும் படம் ஓடும், கேமும் ஓடும். ரைசனில் எல்லாம் சட்டென்று திறக்கும், இன்டெல் ஆட்டம் உள்ள வண்டியில் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

2018 தொடக்கம் வரை வந்த பழைய மாடல் எஸ், எக்ஸ் வண்டிகளில் இருப்பது என்விடியா டெக்ரா. அவற்றில் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் வராது. செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

படி 2: அப்டேட்

அதே சாஃப்ட்வேர் பக்கத்தில் அப்டேட் காத்திருந்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். வைஃபையில் இணைத்து, பார்க் கியரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். இந்தக் கேம்கள் எல்லாமே அப்டேட் வழியாக வந்தவைதான். 2018-ல் மிஸைல் கமாண்ட், ஆஸ்டராய்ட்ஸ் மாதிரி பழைய அட்டாரி கேம்கள் ஒளித்து வைத்த விளையாட்டுப் பொருள்போல வந்தன. 2019 செப்டம்பரில் வந்த பத்தாவது பதிப்பில் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், கரோக்கே, கப்ஹெட் என்ற கேம் எல்லாம் ஒரே மூட்டையாக இறங்கின. வாங்கி நிறுத்திய வண்டி ஒரு இரவில் தியேட்டராக மாறியதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் தெரியும்.

படி 3: வழியில் நெட் எங்கிருந்து வரும்?

இரண்டு வழி. ஒன்று, பிரீமியம் கனெக்டிவிட்டி என்ற சந்தா. அமெரிக்காவில் மாதம் 10 டாலர் அளவு. அது இருந்தால் காரின் சொந்த சிம்மிலேயே படம் ஓடும். இன்னொன்று, உங்கள் போன் ஹாட்ஸ்பாட். சந்தா இல்லாமலே இதில் படம் பார்க்கலாம்.

நான் ஹாட்ஸ்பாட்தான் பயன்படுத்துகிறேன். வருடத்துக்கு நான்கு நீண்ட பயணம் போகிற எங்களுக்கு மாதச் சந்தா தேவைப்படவில்லை. தினமும் வண்டியிலேயே மதிய உணவு சாப்பிடுகிறவராக இருந்தால் சந்தாதான் வசதி.

வீட்டில் இருக்கும்போதே போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, காரின் வைஃபை பட்டியலில் அதன் பெயரைத் தொட்டு, பாஸ்வேர்டு கொடுத்து ஒருமுறை இணைத்துவிடுங்கள். போனின் பெயரே பட்டியலில் வரவில்லை என்றால், ஐபோனில் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்ற பொத்தான் இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். காரின் வைஃபை அமைப்பில், ஓட்டும்போதும் இணைப்பை விடாமல் வைத்திருக்கும் தேர்வு ஒன்று உண்டு. அதையும் டிக் செய்துவிட்டால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மறுபடி தேட வேண்டாம்.

படி 4: தியேட்டரில் கணக்குகளை ஏற்றி வைப்பது

கீழ் வரிசையில் மூன்று புள்ளி உள்ள பொத்தானைத் தொட்டால் ஆப்கள் விரியும். படங்களுக்கான தியேட்டர், கேம்களுக்கான ஆர்கேட் இரண்டும் அங்கேதான். தியேட்டருக்குள் போய் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், டிஸ்னி பிளஸ் என்று நீங்கள் பணம் கட்டியிருக்கும் ஒவ்வொன்றிலும் லாகின் செய்யுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். நெட்ஃபிளிக்ஸில் குழந்தைகளுக்கான புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, ஒரு படத்தை அரை நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். சத்தம் காரின் ஸ்பீக்கர்களிலேயே வரும். கதவு மூடிய வண்டிக்குள் அது எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை நான் சொல்வதைவிட நீங்களே கேட்டுப் பார்ப்பது மேல்.

படி 5: ஆர்கேட்

இங்கேதான் பிள்ளைகள் கூடுவார்கள். ஆர்கேட்டைத் திறந்து, வேண்டிய கேம்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, டவுன்லோட் கேட்பதை எல்லாம் வீட்டு வைஃபையில் இறக்கி வையுங்கள். பிட்ஸ்பர்க் பயணத்தில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

விரலாலேயே ஆடக்கூடியவை: செஸ், சாலிட்டேர், 2048, போலிடோபியா. குகேஷ் 2024-ல் உலக சாம்பியன் ஆனதிலிருந்து மகன் முதலில் திறப்பது செஸ்தான். 15 அங்குலத் திரையில் பலகை பெரிதாகத் தெரிவதால், பின்னால் இருக்கும் தங்கையும் "குதிரைய நகத்து, குதிரைய நகத்து" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இந்த நான்கைத்தான். தனியாக எந்தச் சாமானும் வாங்க வேண்டாம், சார்ஜ் முடிந்தால் நடுவில் விட்டுவிட்டும் கிளம்பலாம்.

கப்ஹெட் ஆட கேம் கன்ட்ரோலர் வேண்டும். ஸ்டார்டியூ வேலியும் கன்ட்ரோலர் இருந்தால் சுகம். எக்ஸ்பாக்ஸ் அல்லது பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் வீட்டில் இருந்தால் அதுவே போதும். யூஎஸ்பி வயரில் இணைப்பதாக இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பல புதிய வண்டிகளில் நடுவில் இருக்கும் யூஎஸ்பி துளைகள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான். டேட்டா போகும் துளை குளோவ் பாக்ஸுக்குள் இருக்கும். அங்கிருந்து பின்சீட்டு வரை எட்டுகிற நீள வயர் வாங்கிக்கொள்ளுங்கள். புளூடூத் கன்ட்ரோலரை ஏற்றுக்கொள்ளும் வண்டி என்றால் வயரே வேண்டாம், காரின் புளூடூத் பட்டியலில் போனைச் சேர்ப்பதுபோலச் சேர்த்துவிடலாம்.

இப்போது பீச் பக்கி ரேஸிங் 2 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் கேட்பது இதைத்தான், ஏனென்றால் காரின் ஸ்டியரிங்கைத் திருப்பியே கேமை ஓட்டலாம், பிரேக் மிதியும் வேலை செய்யும். ஆனால் நம் வண்டியில் ஸ்டியரிங் திரும்பினால் நிஜச் சக்கரமும் திரும்பும். வண்டி நகராமல் நிற்கும்போது டயர் ஒரே இடத்தில் சிமென்ட் தரையோடு தேய்கிறது. கராஜில் மகன் ஆடிக்கொண்டிருந்தபோது வெளியே நின்று கேட்டேன், ஈரச் செருப்பைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். அரை மணி கழித்துப் பார்த்தால், டயருக்கு அடியில் விசிறிபோலக் கறுப்புத் தடம், ஓரத்தில் பென்சிலை அழித்த ரப்பர் தூள் மாதிரி துகள்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பீச் பக்கியை கன்ட்ரோலரில்தான் ஆடுகிறோம்.

படி 6: ஓட்டுநர் சீட்டில் யார்?

இதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். போன்தான் இந்த வண்டிக்குச் சாவி. நீங்கள் பக்கத்தில் போனோடு இருக்கும்போது, ஓட்டுநர் சீட்டில் இருக்கும் குழந்தை பிரேக்கை மிதித்து கியரைத் தட்டினால் வண்டி பார்க்கிலிருந்து வெளியே வந்துவிடும். பிரேக்கை மிதித்து ஆடும் கேம் அங்கேயே இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கன்ட்ரோல்ஸில் சேஃப்டி, அதற்குள் பின் டு டிரைவ் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால், ஏறி உட்கார்ந்து ஓட்டத் தொடங்கும் முன் நான்கு இலக்க எண்ணைக் கேட்கும். அதைப் போட்டுவிட்டு, அதையே முழுக்க நம்பியிருக்காமல் சின்னப் பிள்ளைகளைப் பயணி சீட்டிலேயே உட்கார வையுங்கள். சார்ஜர் வயர் செருகியிருக்கும்போது வண்டி பார்க்கை விட்டு நகராது, அதனால் சார்ஜ் நிலையத்தில் இந்தப் பயம் குறைவு. கராஜிலும் கடை வாசலிலும்தான் கண் வைக்க வேண்டும்.

ஓடும்போது முன்திரையில் படமும் வராது, கேமும் வராது. ஒரு காலத்தில் வந்தது. 2020 டிசம்பரிலிருந்து பாசஞ்சர் ப்ளே என்ற பெயரில் சில கேம்களை வண்டி ஓடும்போதே ஆட முடிந்தது. ஓட்டுபவரின் கண்ணையும் அது இழுக்கும் என்பதால் 2021 டிசம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 5,80,000 வண்டிகளைக் குறித்து விசாரணை தொடங்கியது. டெஸ்லாவும் அதை நிறுத்த ஒப்புக்கொண்டது. இந்தப் பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று ஆன்லைனில் விற்கும் பெட்டிகளை வாங்காதீர்கள். மணிக்கு 65 மைல் வேகத்தில் ஒரு நொடிக்கு 95 அடி போகிறோம். இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 190 அடி.

ஓடும்போதும் பின்னால் படம் வேண்டும் என்றால், 2023-க்குப் பிறகு வந்த புதிய மாடல் 3 வண்டியிலும் 2025-ல் வந்த புதிய மாடல் ஒய் வண்டியிலும் பெரும்பாலான வகைகளில் பின்சீட்டுக்கு 8 அங்குலத் திரை இருக்கிறது. ஓட்டுபவர் கண்ணில் படாத அதில் பிள்ளைகள் பார்க்கலாம்.

படி 7: பேட்டரிக் கணக்கு

எல்லோரும் என்னிடம் கேட்பது, "சார்ஜ் போயிடாதா?" என்றுதான். ஏசி, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 1.5 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோவாட் மணி பேட்டரியில் ஒரு மணி நேரத்துக்கு 2 சதவீதம். சார்ஜர் செருகியிருந்தால் அந்தக் கவலையும் இல்லை. செருகாமல் நீண்ட நேரம் நிறுத்தினால், ஏசி பக்கத்தில் கேம்ப் மோடை ஆன் செய்யுங்கள், ஏசியும் யூஎஸ்பியும் அணையாமல் இருக்கும். பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வேலை செய்யாது.

டெஸ்லாவின் வேகச் சார்ஜ் நிலையமான சூப்பர்சார்ஜரில் இன்னொரு கணக்கும் உண்டு. நிலையம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும்போது, சார்ஜ் முடிந்த பிறகும் வண்டியை எடுக்காமல் இருந்தால் நிமிடக் கணக்கில் பணம் பிடிப்பார்கள். முடிந்து 5 நிமிடத்துக்குள் எடுத்தால் இல்லை. கேம் முக்கியமான கட்டத்தில் இருக்கும்போதுதான் இது வரும், அதனால் போனில் சார்ஜ் நோட்டிஃபிகேஷன் வருகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு கார் வைத்திருப்பவர்களுக்கு

டாடா நெக்ஸான் இவி 2023 செப்டம்பரில் புது வடிவில் வந்தபோது ஆர்கேட் டாட் இவி என்ற ஆப் தொகுப்போடு வந்தது. 12.3 அங்குலத் திரை உள்ள உயர் வகையில், நிறுத்தியிருக்கும்போது படமும் கேமும் வரும். பிஎம்டபிள்யூவின் ஐ5 காரில் ஏர்கன்சோல் என்ற கேம் ஆப் இருக்கிறது. திரையில் வரும் க்யூஆர் குறியை போனில் ஸ்கேன் செய்தால் போனே கன்ட்ரோலராக மாறிவிடும். குளோவ் பாக்ஸுக்குள் துளை தேடும் வேலை இல்லை, இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் உருவாகும் ஹூண்டாய் ஐயோனிக் 5, கிரெட்டா எலக்ட்ரிக் போன்றவற்றில் வேறு வழி: காரிலிருந்தே வீட்டுக் கரண்ட் எடுக்கலாம். சின்ன மானிட்டரையும் கேம் கன்சோலையும் அதில் செருகி, பின்பக்கம் டிக்கியைத் திறந்து பாய் விரித்து உட்கார்ந்தால் காரின் திரையே தேவையில்லை.

கடைசியாக ஒரு சின்ன வேலை

சார்ஜ் நிறுத்தத்தில் முறுக்கும் கேமும் ஒன்றாகத்தான் நடக்கும். ஒரு மைக்ரோஃபைபர் துணியைக் கதவுப் பையில் போட்டு வையுங்கள். கன்ட்ரோல்ஸில் டிஸ்ப்ளே பக்கத்தில் ஸ்க்ரீன் க்ளீன் மோட் இருக்கிறது. அதைத் தொட்டால் திரை கறுப்பாகி, துடைக்கும்போது எதுவும் தவறி அழுந்தாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 2048 ஆடிய விரல் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக எண்ணெயில் மின்னும். எங்கள் வீட்டில் துடைப்பது சின்னவளின் வேலை. துடைத்து முடித்தால்தான் டிரைவில் போடுவேன் என்பது ஒப்பந்தம்.