செப்பு டோக்கனில் படிந்த பச்சைப் பிசுக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் மக்கள் நாணயங்களைப் பதுக்கியதால் சில்லறைத் தட்டுப்பாடு ஏற்பட, கடைக்காரர்கள் தம் பெயர் பொறித்து வெளியிட்ட செப்பு டோக்கன்களைச் சேகரித்து வருகிறேன். அவற்றுள், 1863ஆம் ஆண்டைச் சேர்ந்த சின்சினாட்டி நகர டோக்கன் ஒன்று மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையிலேயே நெடுங்காலம் இருந்ததால், எழுத்துகளின் ஓரங்களில் பிசுபிசுப்பான பச்சைப் படிவு சேர்ந்திருந்தது. இது வழக்கமான களிம்பு அன்று, உறையிலிருந்து கசிந்ததன் விளைவு என்பதால், கலப்பற்ற அசிட்டோன் என்னும் கரைப்பானைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காற்றோட்டமான, நெருப்பு அண்டாத இடத்தில் டோக்கனை ஊறவைத்தேன். (நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், அது இதற்கு உதவாது.) தேய்த்தால் பழுப்புப் படலத்தில் கீறல் விழுந்து மதிப்புக் குறையுமாதலால் துணிகூடப் படவிடவில்லை. புதிய அசிட்டோனில் மீண்டும் அலசியதும் பிசுக்கு கரைந்து, எழுத்துகள் தெளிந்தன. செம்பை ஏற்கெனவே அரித்திருந்த சிறு புள்ளி மட்டும் எஞ்சியுள்ளது. அதை அசிட்டோனால் சரிசெய்ய இயலாது. டோக்கனை இப்போது பிவிசி கலவாத மைலார் பிளாஸ்டிக் உறைக்கு மாற்றிவிட்டேன்.