கையில் இல்லாத லுங்கியை விற்பது எப்படி?
யாங்கோனில் இருந்து ஃபேஸ்புக்கில் லுங்கி விற்கிறேன். கையில் இல்லாததை விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். அதனால் அடுத்தவர் சரக்கைப் படம் போட்டு உங்களுடையதாக விற்காதீர்கள்.

ஆர்டர் எடுத்துத்தான் தருவீர்களா? சரி, ஸலம் செய்யுங்கள். அதாவது, விலையை முன்பே வாங்கிக்கொண்டு, பேசிய தன்மையில் பொருளைப் பின்னர் கொடுக்கும், மார்க்கம் அனுமதித்த விற்பனை. நூல், நிறம், அளவு, எண்ணிக்கை, கொடுக்கும் நாள் எல்லாம் எழுதி அனுப்புங்கள். 'அமரபுராவில் தறியில் இருக்கும் அந்தத் துணி' என்று ஒன்றைச் சுட்டக் கூடாது. தன்மையைத்தான் பேச வேண்டும். முழு விலையையும் அப்போதே கேபே (KPay) பணச் செயலியில் வாங்கிவிடுங்கள். பாதி இப்போது, மீதி பார்சல் வந்ததும் என்றால் நம் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) அது ஸலம் ஆகாது. வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சாயம் போகுமென்றால் முன்பே சொல்லுங்கள். மறைத்தால் திருப்பித்தர அவருக்கு உரிமை உண்டு. அப்புறம், ஆண்கள் பட்டு உடுத்துவது மார்க்கத்தில் கூடாது என்பதால், ஆண்களுக்குப் பட்டு லுங்கி கேட்டால் நான் ஆர்டரே எடுப்பதில்லை.