ஜெயிச்ச ஜெர்சிய பீரோல பூட்டி வைக்காதீங்க: எப்போ போடலாம், எப்போ வேணாம்

எங்க ட்ரையத்லான் க்ரூப்ல ஒரு அக்கா இருக்காங்க, 52 வயசு. போன வருஷம் ஒரு ஒலிம்பிக் டிஸ்டன்ஸ் ட்ரையத்லான்ல, அதாவது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம், அவங்க ஏஜ் குரூப்ல (வயசுப் பிரிவுல) ஃபர்ஸ்ட் வந்தாங்க. மேடைல கூப்பிட்டு மெடலோட ஒரு சைக்கிளிங் ஜெர்சியும் குடுத்தாங்க, முதுகுல பெருசா வின்னர்னு போட்டது. பல மாசம் அது கவர் பிரிக்காம பீரோல கெடந்துச்சு. கேட்டா, "எல்லாரும் என்னப்பா நெனப்பாங்க, சீன் போடறேன்னு சொல்ல மாட்டாங்களா"ம்பாங்க. இன்னொரு பக்கம் மூணு வருஷம் முன்னாடி ஜெயிச்ச ஜெர்சிய இன்னைக்கும் எல்லா ரேஸுக்கும் மாட்டிக்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் சேத்துதான் இத எழுதறேன். என் பதில் முதல்லயே: போடுங்க, கண்டிப்பா போடுங்க. ஆனா எங்க, எப்போ, எத்தன நாள்ங்கறதுக்கு ஒரு முறை இருக்கு.

முதல்ல உங்க கைல இருக்கறது என்னன்னு பாருங்க. ஃபினிஷர் டீஷர்ட்னா பிரச்சனையே இல்ல, முடிச்ச எல்லாருக்கும் உள்ளது, முடிச்ச அன்னைலேர்ந்து எப்ப வேணா போடலாம் (முடிக்கறதுக்கு முன்னாடி மட்டும் போடாதீங்க, ரேஸுக்கு மொத நாள் கிட் பையோட வந்த சட்டைய அன்னைக்கே மாட்டிக்கிட்டு சுத்தறது எனக்கு மனசு ஒப்பாது). நாட்டுப் பேர் போட்ட ட்ரைசூட்னா (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணுக்கும் போடற ஒரே உடை) அது வேற கதை. இந்த ஸ்போர்ட்டோட உலக அமைப்பான வேர்ல்ட் ட்ரையத்லான் நடத்தற ஏஜ் குரூப் உலக சாம்பியன்ஷிப்புக்குப் போனா உங்க நாட்டு ஃபெடரேஷன் யூனிஃபார்ம்லதான் எறங்கணும், அங்க வின்னர் ஜெர்சிங்கற பேச்சே கெடையாது. மூணாவது வகை, ஜெயிச்சவங்களுக்கு மட்டும் தர்ற ஜெர்சி, இந்த அக்காவோடது அதுதான். அதுக்குதான் நம்ம ஸ்போர்ட்ல எழுதி வச்ச முறைன்னு ஒண்ணு இல்ல. ஹவாய்ல கோனால நடக்கற ஐயன்மேன் (ரொம்ப நீளமான ட்ரையத்லான்) உலக சாம்பியன்ஷிப்லயே ஏஜ் குரூப்ல மேல வர்றவங்களுக்கு ஜெர்சி தர்றதில்ல, உமேக்கேன்னு ஒரு மரக்கிண்ணம்தான் தர்றாங்க, அத வீட்டு ஷெல்ஃப்ல வச்சுக்கலாம், போட்டுக்கிட்டு சைக்கிள் மிதிக்க முடியாது.

அதனால சைக்கிள்காரங்க கிட்ட கடன் வாங்கறதுதான் சரி, அவங்களுக்கு இதுல நூறு வருஷ பழக்கம். உலக சாம்பியனுக்கு வெள்ளை ஜெர்சி, நெஞ்சுல நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சைன்னு அஞ்சு கோடு, ரெயின்போ ஜெர்சின்னு சொல்வாங்க. சைக்கிளிங்கோட உலக அமைப்பான யூசிஐ விதி என்னன்னா எந்தப் பிரிவுல, எந்த வகை ரேஸ்ல, எந்த கேட்டகரில ஜெயிச்சீங்களோ அதுல மட்டும் போடணும், வேற எதுலயும் போடக்கூடாது. 2024, 2025 ரெண்டு வருஷமும் ரோட் ரேஸ் (எல்லாரும் சேந்து கிளம்பறது) சாம்பியன் டடேய் போகாச்சார், டைம் டிரையல் (தனித்தனியா நேரத்துக்கு எதிரா மிதிக்கறது) சாம்பியன் ரெம்கோ எவனபூல். டைம் டிரையல் அன்னைக்கு ரெயின்போ ரெம்கோவுக்கு, மத்த நாள் போகாச்சாருக்கு. ரெம்கோ எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் ரோட் ஸ்டேஜ்ல அவர் டீம் ஜெர்சிலதான் வரணும். அமெச்சூருக்கும் அங்க இது உண்டு, அமெச்சூர்கள் ஓட்டற நீண்ட தூர ரேஸான கிரான் ஃபோண்டோ உலக சாம்பியன்ஷிப்ல ஏஜ் குரூப் வாரியா ஜெயிக்கறவங்களுக்கு ரெயின்போ ஜெர்சியே குடுக்கறாங்க, அதனால அமெச்சூருக்கு எதுக்கு இதெல்லாம்னு யாராவது கேட்டா இத சொல்லுங்க.

நமக்கு இத எப்படி மாத்திக்கறதுன்னா, ட்ரையத்லான்ல ஜெயிச்சத ட்ரையத்லான்லயும் ட்ரெய்னிங்லயும் போடுங்க, வெறும் சைக்கிள் ரேஸ்ல போடாதீங்க. அங்க உங்க பக்கத்துல நிக்கறவரு சைக்கிள்லயே ஊறினவரா இருப்பாரு, உங்க முதுகுல இருக்கற வின்னர் அந்த ரேஸப் பத்தினதே இல்ல. டிஸ்டன்ஸும் அப்படித்தான், சின்ன டிஸ்டன்ஸான ஸ்பிரிண்ட்ல ஜெயிச்சத ரொம்ப நீளமான ஹாஃப் ஐயன்மேனுக்குப் போட்டுக்கிட்டுப் போறதுக்கு பதிலா உங்க வழக்கமான கிட்லயே போங்க.

ரேஸ் அன்னைக்கு போடறதா இருந்தா கொஞ்சம் யோசிக்கணும், இதுல மரியாதைய விட பிராக்டிகல் பிரச்சனை தான் ஜாஸ்தி. ஐயன்மேன்ல ஏஜ் குரூப்காரங்களுக்கு தண்ணி 24.5 டிகிரிக்கு மேல இருந்தா வழக்கமான வெட்சூட் (ரப்பர் நீச்சல் உடை) அனுமதி கெடையாது, நம்ம பக்கத்து கடல் பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கும், அதனால கோவா 70.3 (ஹாஃப் ஐயன்மேன்) மாதிரி ரேஸ்ல மேல வெட்சூட் போட்டு உள்ள ஜெர்சிய மறைச்சுக்கலாம்ங்கற வழி இல்ல. ஜெர்சியோட நீந்தினா பின்னாடி இருக்கற மூணு பாக்கெட்டும் தண்ணிய வாரி புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் உங்கள பின்னால இழுக்கும். சரி டி1ல (நீச்சல் முடிச்சு சைக்கிளுக்கு மாறற எடத்துல) மாத்திக்கலாம்னா அது இன்னும் மோசம், நான் பண்ணிப் பாத்திருக்கேன். உடம்பெல்லாம் உப்புத்தண்ணி, கை ரெண்டும் மேல தூக்கி தலைய உள்ள விட்டாச்சு, ஜெர்சி தோள்பட்டை வரைக்கும் எறங்குச்சு, அதுக்கப்புறம் முதுகுல ஒட்டி உருண்டு கயிறு மாதிரி சுருண்டு அக்குள் கிட்ட நின்னுடுச்சு, பின்னால கை எட்டாது, இழுக்க இழுக்க இன்னும் இறுகுது, பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தவர் ஹெல்மெட் மாட்டி சைக்கிள எடுத்துக்கிட்டு போயே போயிட்டாரு, எனக்கு முழுசா ரெண்டு நிமிஷம் போச்சு. நீச்சல்ல ரெண்டு நிமிஷம் கொறைக்க எத்தன மாசம் குளத்துல கெடக்கணும்னு உங்களுக்கே தெரியும். கண்டிப்பா போட்டே ஆகணும்னா ஃபுல் ஜிப் ஜெர்சியா இருந்தா மட்டும் சட்டை மாதிரி கைய விட்டு மாட்டுங்க, வீட்டுல குளிச்சிட்டு தொடைக்காம அஞ்சு தடவை பழகிட்டு வாங்க, இடுப்புல கட்டற நம்பர் பெல்ட் பாக்கெட்டுக்கு அடில மறையாம பாத்துக்கோங்க.

நான் சொல்ற வழி வேற. நடப்பு சாம்பியன் இல்லாத முன்னாள் உலக சாம்பியன்கள் ரெயின்போ கோட்ட காலர்லயும் கை நுனிலயும் மட்டும் வச்சுக்கலாம்னு சைக்கிள்ல ஒரு வழக்கம் இருக்கு, பாக்கவே அழகா இருக்கும். அதே மாதிரி உங்க ட்ரைசூட் கை நுனில ஜெர்சியோட கலர்ல ஒரு பட்டை வச்சுக்கோங்க. திருப்பூர் பக்கம் கஸ்டம் கிட் அடிக்கறவங்க கிட்ட டிசைன் அனுப்பினா பண்ணித் தருவாங்க. ரேஸ்ல ட்ரைசூட், ரேஸ் முடிஞ்சு மேடைக்கு பக்கத்துல ஜெர்சி.

ஜெர்சிக்கு நெஜமான எடம் ஞாயித்துக்கெழம ரைடுதான். காலைல அஞ்சு மணிக்கு சென்னை திருவான்மியூர்லேர்ந்து ஈசிஆர்ல கிளம்பி முட்டுக்காடு பாலம் தாண்டும்போது பின்னாடி வர புதுப் பசங்க முதுகுல இருக்கறத படிச்சிட்டே வருவாங்க, இளநீ கடைல நிறுத்தும்போது வந்து "எந்த ரேஸ் சார்"னு கேப்பாங்க. அப்போ முழுசா சொல்லுங்க: எந்த டிஸ்டன்ஸ், எந்த ஏஜ் குரூப், எத்தன பேர் ஓடினாங்க. "ட்ரையத்லான் வின்னர்"னு மொட்டையா சொல்லிட்டு போகாதீங்க. ஜெர்சி போட்ட அன்னைக்கு சிக்னல்ல நில்லுங்க, கடைசியா வர்றவங்களுக்காக வெயிட் பண்ணுங்க. ரேஸ்ல போட்டிருந்தா டிராஃப்டிங் (முன்னால போறவர் மறைப்புல காத்து படாம மிதிக்கறது) பக்கமே போகாதீங்க, ஐயன்மேன்ல நமக்கு 12 மீட்டர் இடைவெளி, வின்னர்னு முதுகுல போட்டுக்கிட்டு இன்னொருத்தர் சக்கரத்துக்கு பின்னால ஒட்டிக்கிட்டு வந்தா அத ஊரே படம் புடிக்கும்.

இப்போ அக்காவோட உண்மையான பிரச்சனைக்கு வர்றேன். அவங்க 50-54 பெண்கள் பிரிவுல அன்னைக்கு அவங்க ஒருத்தர்தான். யாரோ ஒருத்தர் "ஒரே ஆள் ஓடி ஃபர்ஸ்ட் வந்தா அது ஜெயிச்சதா"ன்னு கேட்டுட்டாரு, அது மனசுல தங்கிடுச்சு. எனக்கு இதுல கோவமே வருது. கட் ஆஃப் டைமுக்குள்ள அவங்க அலைல நீந்தி, வெயில்ல மிதிச்சு, ஓடி முடிச்சிருக்காங்க, வராத ஆளுங்களுக்கு அவங்க எப்படி பொறுப்பாவாங்க? 1978ல ஓவாஹூ தீவுல முதல் ஐயன்மேன் நடந்தப்போ ஸ்டார்ட் லைன்ல நின்னது 15 பேர், முடிச்சது 12 பேர். ஜெயிச்ச கார்டன் ஹாலர இன்னைக்கு வரைக்கும் முதல் ஐயன்மேன்னுதான் சொல்றோம், கூட்டம் கம்மின்னு யாரும் கழிச்சுக்கல. தனி ஆளா ஜெயிச்சவங்க ஜெர்சிய இன்னும் அதிகமா போடணும்னு நான் சொல்வேன், அத பாத்துதான் அந்த வயசுல இன்னும் நாலு பேர் பேர் குடுப்பாங்க.

எத்தன நாள்னா அடுத்த வருஷ ரேஸ் வரைக்கும். புது ஆள் ஜெயிச்சதும் ரேஸுக்கும் க்ரூப் ரைடுக்கும் போடறத நிறுத்திடுங்க, வீட்டுல டிரெய்னர்ல (சைக்கிள மாட்டி நின்ன எடத்துலயே மிதிக்கற ஸ்டாண்டுல) மிதிக்கும்போது போட்டுக்கோங்க. ரேஸ் நடக்கற வருஷம் டிசம்பர் 31ல என்ன வயசோ அதுதான் ஏஜ் குரூப்புக்கு கணக்கு, அதனால 39ல ஜெயிச்சவர் அடுத்த வருஷம் தானா 40-44க்கு போயிடுவாரு. கறாரா பாத்தா பழைய கேட்டகரி ஜெர்சி புதுசுல செல்லாது. நான் அவ்ளோ கறார் இல்ல, அந்த ரேஸ் திரும்ப நடக்கற வரைக்கும் ட்ரெய்னிங்ல போடட்டும், ரேஸ்ல வேணாம்.

அக்கா போன மாசம் ஒருவழியா போட்டுட்டு வந்தாங்க. மூணே ரைடுல போன் வந்துச்சு, வெள்ளை காலர் ஃபுல்லா துரு மாதிரி ஆரஞ்சு கறை, "போட்டதே தப்பாப் போச்சுப்பா"ன்னு. அது அழுக்கு இல்ல. சன்ஸ்கிரீன்ல இருக்கற அவோபென்ஸோன்ங்கற கெமிக்கல் போர் தண்ணில இருக்கற இரும்போட சேந்தா இப்படி கறை வரும், பிளீச் ஊத்தினா இன்னும் மோசமாகும். எலுமிச்சம்பழம் புழிஞ்சு கொஞ்ச நேரம் ஊறவிட்டு, போர் தண்ணில இல்லாம கேன் தண்ணில அலசச் சொன்னேன், முக்காவாசி போயிடுச்சு. வீட்டுக்கு வந்ததும் வேர்வை காயறதுக்குள்ள பச்சத்தண்ணில ஒரு முக்கு, லேசான சோப்பு, முறுக்கி புழியக் கூடாது, ஃபேப்ரிக் கண்டிஷனர் வேணவே வேணாம், உள்பக்கத்த வெளிய திருப்பி நிழல்ல கொடில போட்டுட்டா ராத்திரிக்குள்ள காஞ்சிடும், காலைல திரும்ப மாட்டிக்கிட்டு கிளம்பலாம்.