தென் அமெரிக்காவைப் பார்க்காமல் வரைவது எப்படி?

தென் அமெரிக்காவில் நாடுகள் 12தான். ஆனால் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் வழியில் படித்து கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வு) எழுதுகிற பிள்ளைகள் பெரும்பாலும் நாடு-தலைநகர் அட்டவணையைத்தான் உருப்போடுகிறார்கள். தேர்விலோ, "பிரேசிலைத் தொடாத நாடுகள் எவை? கடற்கரை இல்லாதவை எவை?" என்ற மாதிரிதான் கேட்பார்கள். அட்டவணையில் இதற்கு விடை இல்லை. படத்தில் இருக்கிறது. நாலைந்து முறை கையால் வரைந்தவருக்கு அந்தப் படம் மறக்காது.

ஒரு ஏ4 தாள், பென்சில், ஸ்கேல், ரப்பர் போதும். தாளை நெட்டுவாக்கில் வையுங்கள். மேல் விளிம்பிலிருந்து 6 செ.மீ. கீழே குறுக்காக ஒரு கோடு. அதுதான் பூமத்திய ரேகை. 10 பாகைக்கு 3 செ.மீ. என்பது அளவு. மேலே 3 செ.மீ. தள்ளி 10 வடக்கு. கீழே 3 செ.மீ.க்கு ஒன்றாக 10, 20, 30, 40, 50 தெற்கு. இடது விளிம்பிலிருந்து 4 செ.மீ.யில் 80 மேற்குத் தீர்க்கரேகை. வலப்பக்கம் போகப் போக 70, 60, 50, 40.

10 வடக்குக் கோட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். பாலக்காடு அதற்குச் சற்று வடக்கே இருக்கிறது. வெனிசுலா தலைநகர் கராகஸும் அப்படியே. அதாவது கண்டம் கிட்டத்தட்ட முழுவதும் நம் ஊருக்குத் தெற்கே.

இனி கரையோரப் புள்ளிகள். முதல் எண் அட்சரேகை, அடுத்தது மேற்குத் தீர்க்கரேகை. வடமுனையிலிருந்து கடிகாரச் சுற்றாக வையுங்கள்:

வடக்கு 12-72, 10½-62, 7-58. பூமத்திய ரேகையில் 50 (அமேசான் முகத்துவாரம்). பிறகு தெற்கு 4-38½, 7-35 (கிழக்கு மூக்கு), 13-38½, 23-43 (ரியோ), 34-53, 35-58 (புவெனஸ் அயர்ஸ்), 38-57½, 42-64, 52-69, 56-67 (ஹார்ன் முனை). மேற்குக் கரையில் மேலே ஏறும்போது 46-75, 33-72, 18-70, 14-76, 5-81. பூமத்திய ரேகையில் 80. கடைசியாக வடக்கு 8-77, அங்கே பனாமா ஒட்டுகிறது.

இணைத்தால் கண்டம் வந்துவிடும். பார்க்காமல் வரைகிறவர்கள் வழக்கமாகத் தவறும் இடங்கள் இரண்டு. ஒன்று, 18-70இல் இருக்கும் உள்வளைவை விட்டுவிட்டு மேற்குக் கரையை நேர்க்கோடாக இழுத்துவிடுவது. அந்த மடிப்பில்தான் சிலி முடிந்து பெரு தொடங்குகிறது. மற்றது, கண்டத்தை வட அமெரிக்காவுக்கு நேர் கீழே தொங்கவிடுவது. மேற்குக் கரையில் இருக்கும் லிமாவும், அமெரிக்காவின் கிழக்கோரம் இருக்கும் வாஷிங்டனும் ஒரே 77 மேற்கில் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்தால் அது சரியாகிவிடும். இந்தக் கட்டப்படத்தில் தெற்குப் பகுதி உண்மையைவிடத் தடித்துத் தெரியும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதே காரணம். 50 தெற்கில் நிஜ அகலம் நாம் வரைந்ததில் 64 சதவீதம்தான். பரப்பை ஒப்பிட இந்தப் படத்தை நம்ப வேண்டாம்.

அடுத்து ஆண்டிஸ். மேற்குக் கரையிலிருந்து அரை செ.மீ. உள்ளே, வடக்கிலிருந்து தெற்கு முனை வரை ஒரே இழுப்பு. பொலிவியா பக்கம் மட்டும் இரண்டாகப் பிரித்து நடுவில் இடம் விடுங்கள்; அந்த மேட்டுச் சமவெளியில்தான் பெருவும் பொலிவியாவும் பங்கிடும் டிடிகாகா ஏரி, கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டரில்.

மலை எல்லையாவது நமக்குப் புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை முகடு பல இடங்களில் கேரளத்தையும் தமிழ்நாட்டையும் பிரிக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் முகடு அறுந்துபோவதால் எல்லை சமவெளியில் ஓடுகிறது. ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு அதைக் கடந்து வந்து பாரதப்புழையில் சேர்கிறது. சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் இதே சிக்கல்தான். 1881 ஒப்பந்தம், நீரைப் பிரிக்கும் உயர்ந்த சிகரங்களே எல்லை என்றது. வடக்கே ஒத்துவந்தது. தெற்குக் கோடியில் இருக்கும் படகோனியாவிலோ உயர்ந்த சிகரம் ஓரிடம், நீர் பிரியும் மேடு வேறிடம். சிகரங்களுக்குக் கிழக்கே இருக்கும் ஏரிகளின் நீர் மலையை அறுத்துக்கொண்டு மேற்கே பசிபிக்குக்குப் போகிறது. கடைசியில் 1902இல் பிரிட்டிஷ் அரசரின் தீர்ப்பு வேண்டியிருந்தது. ஆகவே சிலி எல்லையை மலைமேலேயே வரையுங்கள். தெற்கே மட்டும் கொஞ்சம் நெளியட்டும்.

மழையையும் இந்த மலையை வைத்தே சொல்லிவிடலாம். தெற்கே காற்று பசிபிக்கிலிருந்து வருகிறது. சிலிப் பக்கம் நனைகிறது, படகோனியா காய்கிறது. மழை மறைவில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் வடக்கே தலைகீழ். அட்லாண்டிக் காற்று அமேசான் பக்கம் பெய்துவிட, மேற்கே அட்டகாமா பாலைவனம். கரையோரம் ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும் மழையைத் தடுக்கிறது. "மலைக்கு மேற்கே மழை" என்று ஒரே விதியாகப் படித்தவர்கள் இங்கேதான் மதிப்பெண் விடுகிறார்கள்.

இனி நாடுகள். பிரேசிலை முதலில் வரையுங்கள். பரப்பு ஏறக்குறைய 85 லட்சம் சதுர கி.மீ., கண்டத்தில் கிட்டத்தட்ட பாதி. அதன் எல்லையில் மூன்று நாடுகள் கூடும் புள்ளிகள் ஒன்பது. வடகிழக்கிலிருந்து இடப்பக்கமாகச் சுற்றி வாருங்கள். முதலில் வடக்கில் நான்கு:

2-54½: பிரெஞ்சு கயானா, சுரினாம்
2-56½: சுரினாம், கயானா
5-61: கயானா, வெனிசுலா
1-67: வெனிசுலா, கொலம்பியா

தெற்கில் ஐந்து:

4-70: கொலம்பியா, பெரு
11-69½: பெரு, பொலிவியா
20-58: பொலிவியா, பராகுவே
25½-54½: பராகுவே, அர்ஜென்டினா (இகுவாசு அருவிக்குப் பக்கம்)
30-57½: அர்ஜென்டினா, உருகுவே

ஒவ்வொரு புள்ளியிலும் பழைய அண்டை நாடு முடிகிறது, புதியது தொடங்குகிறது. எல்லையின் வடகிழக்கு நுனி 4 வடக்கு-51½இல் கடலைத் தொடும். தென் நுனி முன்பே வைத்த 34-53 கரைப்புள்ளி. பெருவின் பக்கம் 7½ தெற்கில் 74 வரை ஒரு மூக்கு நீட்டுங்கள். இணைத்து முடித்தபின் எண்ணினால் அண்டை நிலங்கள் பத்து. ஒன்பதுதான் வந்தால் பிரெஞ்சு கயானாவை விட்டிருப்பீர்கள். அது தனி நாடல்ல, பிரான்சின் ஒரு பகுதி. ஆகவே 12இல் சேராது. தொடாத இரண்டு ஈக்வடாரும் சிலியும்.

மிச்சத்துக்கு நான்கு புள்ளிகள் போதும். பூமத்திய ரேகையில் 75: ஈக்வடார், கொலம்பியா, பெரு. தெற்கு 17½-69½: பெரு, பொலிவியா, சிலி. 23-67: சிலி, பொலிவியா, அர்ஜென்டினா. 22-62½: பொலிவியா, அர்ஜென்டினா, பராகுவே. இவற்றிலிருந்து கோடுகளை இழுத்தால் பொலிவியாவும் பராகுவேயும் கடல் தொடாமல் நடுவில் அடைபடும். பொலிவியாவுக்கு முன்பு பசிபிக் கரை இருந்தது. 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் இழந்தது. தென் அமெரிக்காவில் கரீபியன், பசிபிக் இரண்டிலும் கரை உள்ள ஒரே நாடு கொலம்பியா என்பதும் படத்திலேயே தெரியும்.

தலைநகர்களைக் கடைசியில் புள்ளியாக வையுங்கள். பெரும்பாலானவை கரையிலோ கரைக்குப் பக்கத்திலோ விழும். இடறுகிறவை சில. பிரேசிலியா 16-48இல், நன்றாக உள்ளே; 1960 வரை தலைநகர் ரியோ. கீட்டோ பூமத்திய ரேகையை ஒட்டி, ஆனால் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில், அதனால் குளிர். பொலிவியாவுக்கு மட்டும் இரண்டு புள்ளிகள்: சட்டப்படி சுக்ரே, அரசு நடப்பது லா பாஸில். வினாவில் "அரசின் இருக்கை" என்று இருந்தால் லா பாஸ், "அரசியலமைப்புத் தலைநகர்" என்றால் சுக்ரே.