பழைய தச்சு மேசையைப் புதியதோடு இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் கார் நிறுத்துமிடத்தையே பட்டறையாக்கி, அலமாரியும் சாமி மேடையும் செய்து கொடுக்கும் தச்சர்கள் உள்ளனர். துளையிட்ட பலகை பொருத்திய புதிய மேசை ஒன்று கையில் இருக்க, நீளமான கதவுகளைக் கிடத்த இன்னொன்று தேவைப்படும்போது, ஈப்போவில் எவரோ விற்கும் பழைய மாடலைத் தேடிப் போவது நல்ல யோசனைதான். ஆனால், இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு என்பதாலேயே அவை பொருந்திவிடும் என்று நம்பி முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. மாடல் மாறும்போது பலகையின் தடிமன், ஓரச் சட்டம், கால்களின் உயரம் ஆகியவையும் மாறக்கூடும்.

துளையின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவது பெருந்தவறு. ஃபெஸ்டூல் என்ற ஜெர்மன் கருவி நிறுவனத்தின் மேசைகள் வழியாகப் பரவிய முறையில் துளை 20 மி.மீ. விட்டமும், துளைக்குத் துளை, மையத்துக்கு மையம், 96 மி.மீ. இடைவெளியும் கொண்டிருக்கும். முக்கால் அங்குலத் துளையோ 19.05 மி.மீ. மட்டுமே. மரத்தை அசையாமல் நிறுத்தத் துளையில் செருகும் முளை 20 மி.மீ. என்றால் அதில் இறங்காது. முக்கால் அங்குல முளையை 20 மி.மீ. துளையில் செருகினால் ஏறக்குறைய ஒரு மி.மீ. ஆடும், அந்த ஆட்டம் வெட்டும் கோணத்தில் தெரியும். எனவே, பார்க்கப் போகும்போது உங்கள் புதிய மேசையின் முளைகளில் இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செல்லுங்கள். நடுவில் உள்ள துளைகளில் மட்டுமன்றி, அதிகம் தேய்ந்திருக்கும் முன்வரிசைத் துளைகளிலும் அவற்றைச் செருகிப் பாருங்கள்.

துளை வரிசைகள் செங்கோணத்தில் உள்ளனவா என்பதையும் அங்கேயே அறியலாம். ஒரு துளையிலிருந்து நீளவாக்கில் 4 இடைவெளி (384 மி.மீ.), அகலவாக்கில் 3 இடைவெளி (288 மி.மீ.) எண்ணி, அந்த இரு முனைத் துளைகளுக்கும் இடையே குறுக்காக அளந்தால் சரியாக 480 மி.மீ. வர வேண்டும். துளையின் மையத்தைத் தேட வேண்டியதில்லை; இரு துளைகளிலும் இடது விளிம்பிலிருந்து அளந்தாலே போதும். முன்னைய உரிமையாளர் கையால் துளையிட்ட மாற்றுப் பலகைகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் சிக்குகின்றன.

பலரும் மறந்துவிடுவது, கடைசித் துளையின் மையத்திலிருந்து மேசையின் ஓரம் வரை உள்ள தூரம். இரு மேசைகளின் ஓர தூரங்களையும் கூட்டினால் 96 மி.மீ. அல்லது அதன் மடங்கு வந்தால்தான் துளை வரிசை இடைமுறியாமல் தொடரும். ஒன்றில் 40, மற்றதில் 38 என்றால் கூட்டல் 78. இடையில் 18 மி.மீ. ஒட்டுப்பலகைக் கட்டை ஒன்றை வைத்தால் கணக்கு சரியாகிவிடும்.

உயரத்தைப் பொறுத்தவரை, பழையது புதியதைவிடச் சற்றுத் தாழ்வாக இருப்பதே வசதி, ஏனெனில் காலுக்கு அடியில் அண்டை கொடுக்கலாம். உயரமாக இருக்கும் இரும்புக் காலை அறுப்பது வீண் வேலை. கார் நிறுத்துமிடத்தின் சிமெண்டுத் தரை மழைநீர் வடியச் சரிவாகப் போடப்பட்டிருப்பதால், விற்பவர் வீட்டில் சமமாக நின்றது உங்கள் வீட்டில் சமமாக நிற்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பலகையை மேலே மட்டும் பார்த்து விலை பேசுவதுதான் நம் ஊரில் அதிகம் நஷ்டம் தரும் தவறு. மேற்பரப்பைத் தேய்த்து வார்னிஷ் பூசிவிடலாம். அடிப்பக்கம் பொய் சொல்லாது. எம்டிஎஃப் பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) ஈரம் குடித்திருந்தால் ஓரங்களும் துளை விளிம்புகளும் உப்பியிருக்கும், உலர்ந்த பிறகும் அந்த உப்பல் வடியாது. சட்டமோ காலோ ரப்பர் மரமாக இருந்தால், ஊசித் துளைகளின் கீழே மாவு போன்ற புதுத் தூள் கொட்டியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கக்கூடும், அத்தகைய மேசையை எவ்வளவு மலிவானாலும் பட்டறைக்குள் கொண்டுவரக் கூடாது.

உப்பிய பலகையாக இருந்தும் சட்டம் நேராக நின்றால், விற்பவர் சொல்லும் விலையிலிருந்து புதுப் பலகையின் விலையையும் துளையிடும் கூலியையும் லோரி வாடகையையும் கழித்துவிட்டு மீதியையே விலையாகக் கேளுங்கள்.