இட்லிப்பூ வேலியும் புதைந்த சிமெண்டும்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு இட்லிப்பூ வேலியில், கால்வாய் ஓரத்து ஆறு செடிகள் மட்டும் மஞ்சளடித்தன. தழைச்சத்துக் குறை என்று யூரியா போட்டேன், கொழுந்து கூடியது, அதுவும் மஞ்சள்தான். பூச்சி மருந்தும் வீண். இரண்டு வாரம் போயிற்று.

அப்புறம்தான் கவனித்தேன். முற்றிய இலைக்கு ஒன்றுமில்லை; கொழுந்தில்தான் மஞ்சள், அதிலும் நரம்பு மட்டும் பச்சை. தழைச்சத்து குறைந்தால் அடியிலைதான் முதலில் வெளுக்கும். இது இரும்புச்சத்துக் குறை. தோண்டினால், கால்வாய் பூசியவர்கள் புதைத்துவிட்டுப் போன சிமெண்டுக் கட்டிகள்! சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. இட்லிப்பூவுக்கோ புளிப்பு மண்தான் பிடிக்கும்.

கட்டிகளை அள்ளிவிட்டுப் புது மண் நிரப்பி, இரும்புச் செலேட் (அப்படிப்பட்ட மண்ணிலும் வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய இரும்புச்சத்து உரம்) கரைத்து ஊற்றினேன். மூன்றாவது வாரம் பச்சைக் கொழுந்து. அப்பாடா! பழைய மஞ்சள் இலைகள் தேறவில்லை, கத்தரித்துவிட்டேன்.